முதல் மாடியில் நிற்காத லிஃப்ட்

எங்கள் வீட்டு லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காது. இதைச் சொன்னால் ரிப்பேரா என்று கேட்கிறார்கள். ரிப்பேர் எல்லாம் இல்லை, புது லிஃப்ட். எங்கள் மாடியில் அதற்குக் கதவே கிடையாது, அவ்வளவுதான். கீழே கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு கதவு, இரண்டாவது மாடியில் ஒரு கதவு. நடுவில் குடியிருக்கிற நானும் என் கணவர் கபாலியும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மூன்று பக்கமும் கண்ணாடி. என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அது ஏறும், இறங்கும். உள்ளே என் ஓர்ப்படி ஹம்சா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிற்பாள்.

அதையாவது திரைச்சீலை போட்டு மறைத்துவிடலாம். அதன் குரலை என்ன செய்வது? லிஃப்டுக்குள் ஒரு பெண் குரல் வைத்திருக்கிறார்கள். மேலே போய் நின்றதும் "ஃபர்ஸ்ட் ஃப்ளோர்" என்று அறிவிக்கும். இரண்டே நிறுத்தம் என்பதால் மெஷின் கணக்கில் ஹம்சாவின் வீடுதான் முதல் மாடி. இந்த மனையில் கட்டடம் எழும்பிய நாளிலிருந்து முதல் மாடியில் இருக்கிறவள் நான். ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது அந்தக் குரல் நான் இங்கே இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறது.

மந்தைவெளியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது வீடு. மாமனாரின் பழைய வீட்டை இடித்து, அண்ணன் கபாலிக்கு முதல் மாடி, ஹம்சாவின் கணவனான தம்பி அச்யுதுக்கு இரண்டாவது மாடி என்று கட்டிக்கொண்டார்கள். மனையைப் பிரிக்கவில்லை. ஆளுக்குப் பாதி என்று பத்திரத்தில் இருக்கிறது, எந்தப் பாதி யாருடையது என்று கோடு கிழிக்கவில்லை. அந்தக் கோடு இல்லாததால்தான் பின்னால் இவ்வளவும் நடந்தது.

ஹம்சா பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். குழந்தைகளுக்கு இல்லை. ரிட்டயரான பெண்மணிகளுக்கு. அடையாறிலிருந்தும் பாலவாக்கத்திலிருந்தும் காரில் வந்து இறங்குவார்கள். எல்லோருக்கும் முழங்கால் வலி. இரண்டு மாடி ஏறுவதற்குள் பாதிப்பேருக்குக் குரல் போய்விடும். அதற்காகத்தான் லிஃப்ட் என்று ஒருநாள் சாயந்திரம் அவளும் அச்யுதும் ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"மூணு கதவாவே போட்டுடலாமா மன்னி? செலவு பாதிப்பாதி" என்றாள் ஹம்சா.

"எங்களுக்கு எதுக்குடி? படி ஏறி எறங்கினாத்தான் உடம்புக்கு நல்லது" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். முதல் தடவை கேட்டதும் சரி என்று தலையாட்டுவது பறக்காவட்டித்தனம். காபி வேண்டுமா என்றால் வேண்டாம் என்போம். கேட்டவர்கள் கொண்டுவந்து வைப்பார்கள். இன்னும் ஒரு கரண்டி பாயசம் என்றால் இலையைக் கையால் மறைப்போம். விரல் இடுக்கு வழியாக ஊற்றுவார்கள். மறுப்பது நம் மரியாதை, வற்புறுத்துவது அவர்கள் மரியாதை. ஹம்சாவும் இந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வருஷம் எத்தனையோ ஆகிறது. அவளுக்கு இது தெரியாதா?

"சரி மன்னி" என்று வரைபடத்தை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அவர்கள் போனதும் கபாலியைப் பிடித்துக்கொண்டேன். "நீங்களாவது வாயைத் திறந்திருக்கப்படாதோ?"

"நீதானே வேண்டாம்னே?"

"வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தமா?"

அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். நாளைக்கு மறுபடியும் கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். மறுநாள் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் எங்கள் சுவரில் துளை போடுகிற சத்தம் கேட்டது.

லிஃப்ட் வந்த பிறகு என் வீட்டில் நிம்மதி போயிற்று. இரண்டு வீட்டிலும் வேலை செய்கிற வேலம்மா மேலேயிருந்து பாத்திரம் தேய்த்துவிட்டு அதில் இறங்கி, படியேறி என் வீட்டுக்கு வருவாள். "இன்னா ஜில்லுனு கீது தெரிமாக்கா, நீ ஒரு தபா போய்ப் பாரேன்" என்பாள். வேலம்மா போயிருக்கிறாள், பால்காரன் போயிருக்கிறான், நான் போகவில்லை. ஒருநாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கபாலியே கண்ணாடிக்குள் ஏறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஹம்சா. ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு தப்பும் தெரியாத முகத்தோடு கையை வேறு ஆட்டினார். கீழே ஹம்சாவின் அரிசி மூட்டையை ஏற்றக் கூப்பிட்டாளாம். அன்றைக்கு அவருக்கு ரசம் ஆறித்தான் போயிருந்தது. நான் சுட வைக்கவில்லை.

பொறாமை என்றால் பொறாமைதான். எனக்கு அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அவளுக்குக் குரல் இருந்தது, மாணவிகள் இருந்தார்கள், எதற்கும் பதறாத ஒரு முகம் இருந்தது. போதாததற்கு இப்போது லிஃப்ட்.

லிஃப்டைக் கடனில்தான் வாங்கியிருந்தார்கள் என்பது எனக்குத் தற்செயலாகத் தெரிந்தது. கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து மெஹபூப் பாஷா என்று ஒருவர் வந்து எங்கள் வீட்டு மணியை அடித்தார். அவரிடம் இருந்த காகிதத்தில் "அச்யுத், முதல் மாடி" என்று போட்டிருந்தது. அந்தக் குரல் காகிதத்தில்கூட ஏறிவிட்டது. தப்பு வீடு என்று சொன்னேன், ஆனாலும் உட்காரச் சொல்லி விசாரித்தேன். நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார்.

"கடனுக்கு ஈடு அந்த லிஃப்ட்தாம்மா. தவணை நின்னா நாங்க கழட்டி எடுத்துக்கலாம். ஆனா அது உங்க மனைல போல்ட் போட்டு, உங்க மாடி சுவத்துல பிடிச்சிருக்கு. மனைல பாதி உங்களுது. நாளைக்கு இது எங்க கட்டடத்தோட சேர்ந்ததுன்னு நீங்க சொல்லிட்டா எங்க பாடு கஷ்டம். அதனால லிஃப்ட் மேல உங்களுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லன்னு ஒரு லெட்டர் வேணும். அதை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிஞ்சு வெச்சுட்டா, யார் வில்லங்கம் போட்டுப் பாத்தாலும் தெரியும்."

"எங்கிட்ட யாரும் கேக்கலையே."

"மேல் வீட்டு மேடமே வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்காங்கம்மா."

அவர் போனபின் எனக்கு ஒரு வாரம் தூக்கம் நன்றாக வந்தது. ஹம்சா என்னிடம் வந்தாக வேண்டும். கீழே இறங்கி, என் வாசலில் நின்று, என் கையெழுத்தைக் கேட்டாக வேண்டும். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். உடனே மறுக்கக் கூடாது. உட்கார வைத்து, காபி கொடுத்து, "யோசிச்சுச் சொல்றேனே" என்று சொல்லி அனுப்ப வேண்டும். இரண்டாம் தடவை வந்தால் "அவரைக் கேக்கணும்". மூன்றாம் தடவை வந்தால் பார்க்கலாம்.

அவள் வரவேயில்லை. கண்ணாடிக்குள் ஏறினாள், இறங்கினாள், புன்னகை செய்தாள். லெட்டர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தவணை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததால் கம்பெனிக்காரர்களும் விட்டுவிட்டார்கள். கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம், மறுக்கக்கூட விடவில்லை. அதுதான் எனக்கு ஆறவேயில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் ஸ்ரீலக்ஷ்மி திருவான்மியூரில் பல் ஆஸ்பத்திரி தொடங்க இடம் பார்த்தாள். எங்கள் மாடியை வைத்து பாங்க்கில் கடன் வாங்குவது என்று முடிவாயிற்று. பாங்க்கிலிருந்து சொத்தை மதிப்பிட தனபாலன் என்பவர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். அறைகளை அளந்தார், மொட்டை மாடிக்குப் போனார், கீழே வந்து லிஃப்டை அண்ணாந்து பார்த்தார்.

"லிஃப்ட் காமனா மேடம்?"

ரொம்ப யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். "காமன்தான்" என்றேன்.

"உங்க ஃப்ளோர்ல கதவைக் காணோமே?"

"அப்புறமா போட்டுக்கலாம்னு விட்டு வெச்சிருக்கோம்."

அவர் எழுதிக்கொண்டார். கபாலி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார். அவருக்கு எதிலாவது சம்பந்தம் வேண்டாம் என்றால் கண்ணாடி அழுக்காகிவிடும்.

பாங்க் வக்கீல் பத்திரத்தைத் தயார் செய்தார். மனையில் பாதி, முதல் மாடிக் கட்டடம், அத்துடன் தரையிலும் சுவரிலும் பொருத்தப்பட்டுள்ள லிஃப்ட் உள்படப் பொதுச் சாதனங்கள் யாவும் என்று எழுதியிருந்தார். அந்த வரியை நான் சாமி படத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தேன். மனை பிரிபடாததால் தம்பியின் சம்மதக் கையெழுத்தும் ஒவ்வொரு பக்கத்திலும் வேண்டும் என்றார் வக்கீல்.

காகிதங்களை எடுத்துக்கொண்டு நானே மேலே போனேன், படியேறித்தான். அச்யுத் அப்போது நன்றாக இருந்தான். கச்சேரிகளுக்கும் கல்யாணங்களுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிற தொழில், எந்நேரமும் காதில் போன். போனில் பேசிக்கொண்டே நான் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். ஃபேன் காற்றில் பறக்காமல் ஹம்சா பக்கங்களைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அவள் படித்துவிடக்கூடாதே என்று நான் மாவடு சீசன் பற்றி மூச்சுவிடாமல் பேசினேன். அவளும் உப்பு எவ்வளவு போடுவேள் மன்னி என்று கேட்டாள். முடிந்ததும் காகிதங்களைத் தட்டி அடுக்கி என் கையில் கொடுத்தாள்.

பதிவு முடிந்து வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தேன். எங்கள் பாங்க்கின் பெயர் அதில் ஏறியிருந்தது. அச்யுதின் ஃபைனான்ஸ் கம்பெனி அதில் எங்கேயும் இல்லை. கடன் கொடுக்கும் முன் அவர்கள் வில்லங்கம் பார்த்திருப்பார்கள், ஆனால் தங்கள் கடனைப் பதியவில்லை. இனி ஊரைப் பொறுத்தவரை அது என் வீட்டு லிஃப்ட். ஹம்சா ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் "போ, என் லிஃப்ட்லதானே போறே" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அப்படிச் சொன்னது கொஞ்ச நாளைக்குத்தான் உதவியது.

போன பங்குனியில் அச்யுதுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. அவனில்லாமல் மைக் செட் தொழில் நின்றது, தவணையும் நின்றது. சக்கர நாற்காலியில் அவனை உட்கார வைத்து, லிஃப்டில் இறக்கி, ஆட்டோ பிடித்து, அடையாறில் பிசியோதெரபிக்கு ஹம்சா கூட்டிப்போவாள். என் ஜன்னலைக் கடக்கும்போது அச்யுத் "மன்னி" என்று உதட்டை அசைப்பான். நானும் தலையை அசைப்பேன். லிஃப்ட் இல்லாவிட்டால் அவன் அந்த மாடியை விட்டு இறங்கவே முடியாது. இறங்காவிட்டால் கால் வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டை விற்றுவிட்டுத் தரைத்தளம் ஏதாவது பார்க்க வேண்டியதுதான் என்று ஹம்சா யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததாக வேலம்மா சொன்னாள்.

ஒருநாள் காலை வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. மெஹபூப் பாஷா இறங்கினார். அவரோடு நாலு ஆட்கள், ஸ்பேனர், சங்கிலி. லிஃப்ட் கழற்றுகிற மேஸ்திரி பெயர் வடிவேலு. கபாலி மகளுடைய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் கீழே இறங்கிப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன், வேறென்ன.

ஹம்சா படி வழியாக இறங்கி வந்தாள். அவள் படியில் இறங்கி நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. அழவில்லை.

"கொஞ்சம் டைம் குடுங்கோ சார். அவர் எழுந்துண்டுட்டா கட்டிடுவோம்."

"மேடம், எத்தனையோ தடவை டைம் குடுத்தாச்சு. எனக்கும் மேல ஆள் இருக்காங்க." பாஷாவுக்கு அதைச் சொல்லவே சங்கடமாக இருந்தது. என் பக்கம் திரும்பினார். "அம்மா, கழட்டறப்ப உங்க சுவத்துல கை வெக்கணும். ஆட்சேபணை இல்லன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா நாங்க வேலையைப் பாத்துட்டுப் போயிடுவோம்."

காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். ஹம்சா வந்து கேட்பாள் என்று நான் காத்திருந்தேனே, அந்தக் கையெழுத்து. போட்டால் போதும். மத்தியானத்துக்குள் என் ஜன்னலுக்கு வெளிச்சம் வந்துவிடும். அந்தக் குரல் ஒழிந்துபோகும். ஹம்சா எல்லோரையும் போல மூச்சு வாங்கிக்கொண்டு படியேறுவாள்.

"யம்மா, இது யாரு லிஃப்ட்டு? மேல் வூட்டாண்டதா, உன்னுதா? சொல்டீன்னா ஆரம்பிச்சுர்லாம்" என்றார் வடிவேலு.

அண்ணாந்து பார்த்தேன். மேல் பால்கனியில் அச்யுத் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வெளியே போகச் சட்டை போட்டு, தலை வாரி, தயாராக இருந்தான். அவனைப் பார்த்து என் மனசு இளகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. ஓர் ஆள் ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டில் வைத்தான். என் பொருளில் எவனோ கை வைக்கிறான்.

"கையை எடுப்பா. அது என்னோடது" என்றேன்.

பாஷா திகைத்தார். நான் விறுவிறுவென்று மேலே போய் பத்திர நகலையும் வில்லங்கச் சான்றிதழையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். லிஃப்ட் என்று இருந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"நாங்க கடன் குடுக்கறப்ப வில்லங்கம் கிளீனா இருந்துச்சும்மா."

"அப்போ கிளீன்தான். அதுக்கப்புறம் நாங்க பதிஞ்சோம். நீங்க உங்களோடதைப் பதிஞ்சேளா?"

அவர் காகிதங்களைப் போனில் படமெடுத்து அனுப்பினார். தெருவோரம் போய் நின்று வெகுநேரம் பேசினார். பேசினதைவிடக் கேட்டதுதான் அதிகம்.

"இன்னா சார், கழட்டலாமா வாணாமா? வெயில் ஏறிக்கினே போவுது" என்று வடிவேலு குரல் கொடுத்தார்.

பாஷா திரும்பி வந்தார். "பாங்க் பதிவு இருக்கு. அவங்களைக் கேக்காம ஒரு போல்ட் கழட்டினாலும் எங்க மேலதான் கேஸ் வரும்னு லீகல்ல சொல்றாங்க." ஹம்சாவிடம் சொன்னார், "மேடம், தவணையை நீட்டிப் போட்டுத் தரச் சொல்லி நான் எழுதறேன். நீங்களும் ஆபீஸுக்கு வந்து ஒரு மனு குடுங்க. இனிமே பேசித்தான் தீர்க்கணும்."

சங்கிலியை லாரியில் ஏற்றும்போது வடிவேலு என்னைப் பார்த்தார். "ஏம்மா, உன் லிஃப்ட்டுல உனுக்கே கதவு இல்லியா?"

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. லாரி தெரு முனையில் திரும்புகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஹம்சா நின்றிருந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்றுகூடத் தயாராக இருந்தேன். "இருக்கட்டும், நமக்குள்ள என்ன" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

அவள் நன்றி சொல்லவில்லை. தலைமுடியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டாள். "நாழியாயிடுத்து, இவரை அழைச்சுண்டு கெளம்பணும்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இவா கேட்ட லெட்டரை அன்னிக்கு நீ ஏன் எங்கிட்ட வந்து கேக்கவே இல்லை?"

"கேட்டா குடுத்திருப்பேளா?"

"யோசிச்சிருப்பேன்."

"குடுத்துட்டேள்னா இவா பதிஞ்சிருப்பா. அப்புறம் லிஃப்டுக்கு யார் காவல்? இவர் தொழில் சீசன் தொழில் மன்னி. ஒரு வருஷம் படுத்தாலும் தவணை நிக்கும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அதான் அப்படியே விட்டுட்டேன்."

என்னை மதிக்காமல்தான் கேட்கவில்லை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் இன்னொன்று பாக்கி இருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அப்போ பாங்க் பேப்பர்ல..."

"மூணாம் பக்கம், கடைசி வரி. பார்த்தேன்."

"பார்த்துட்டா அவனைக் கையெழுத்துப் போட விட்டே? உன் லிஃப்டை நான் என்னோடதுன்னு எழுதி எடுத்துண்டு போறேன், நீ உப்பு எவ்வளவுன்னு கேட்டுண்டு நின்னே?"

ஹம்சா என் முகத்தைப் பார்த்தாள். அதில் கேலி இல்லை, கோபமும் இல்லை. சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க பேர்ல மட்டும் இருந்தா எவன் வேணாலும் வந்து எடுத்துண்டு போயிடுவான். நீங்க ஒண்ணை உங்களோடதுன்னு மனசுல எழுதிண்டுட்டா விடவே மாட்டேள் மன்னி."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிப் பெட்டி அவளை ஏற்றிக்கொண்டு என் தலைக்கு மேலே போயிற்று. நான் கார் நிறுத்துகிற இடத்திலேயே காகிதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கணவருக்கு என்னைத் தெரியாது, நான் பெற்ற மகளுக்கும் என்னை இவ்வளவு தெரியாது. கடனுக்கு ஈடு வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் காகிதத்தில் தேடிக்கொண்டிருந்தபோது ஹம்சா லிஃப்டுக்கு என்னையே ஈடாக வைத்திருக்கிறாள். என் நல்ல மனசை அவள் நம்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவாவது இருந்திருக்கும். அவள் நம்பியிருந்தது என் வயிற்றெரிச்சலை. ஒருநாளும் அது தன்னைக் கைவிடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.